ஹெட்லைட்டைத் தரைக்கு இறக்கிய கதை

பழைய கார் வாங்கும்போது எஞ்சினைப் பார்ப்போம், கிளட்சைப் பார்ப்போம், டயரை நகத்தால் கீறிப் பார்ப்போம். ஹெட்லைட்டுக்கு மட்டும் ஒரு தடவை சுவிட்சைத் தட்டி, எரிகிறதா என்று பார்ப்பதோடு சரி. அதுவும் பட்டப்பகலில். நான் வாங்கியது 2012 மாடல் சின்னக் கார். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, எச்4 பல்பு (டிம், பிரைட் இரண்டும் ஒரே பல்பில்) போடுகிற எந்த வண்டிக்கும் ஏறக்குறைய இதே வேலைதான். விற்றவர் "லைட்டெல்லாம் எல்ஈடி சார், சும்மா பகல் மாதிரி இருக்கும்" என்று அதையே வண்டியின் பெருமையாகச் சொன்னார்.

வீடு வடசென்னையில் தண்டையார்பேட்டை, வேலை மணலியில். இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும் வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள், அவற்றுக்கு நடுவே புகுந்து வரும் பைக்குகள். லாரிக்காரர்கள் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் என் லைட் அவர்களை ஒன்றும் செய்யவில்லை. பைக்கில் வந்தவர்கள்தான் ஒரு கையை ஹேண்டிலில் இருந்து எடுத்து முகத்தை மறைத்தார்கள். ஆட்டோக்காரர்கள் பதிலுக்கு பிரைட் அடித்தார்கள். நானும் ஒரு தட்டு பிரைட் போட்டு, "இதுதான்பா பிரைட், முன்னாடி எரிஞ்சது டிம்" என்று லைட்டாலேயே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

இதில் வேடிக்கை, இவ்வளவு வெளிச்சம் இருந்தும் எனக்கு ரோடு தெரியவில்லை. பம்பருக்கு முன்னால் பத்தடி வெள்ளை வெளேர் என்று இருக்கும். மரக்கிளை, கடை போர்டு, மேலே போகிற கேபிள் எல்லாம் பளிச். நடுவில் இருக்கிற பள்ளமும் மூடி போடாத மேன்ஹோலும் மட்டும் இருட்டு. மழை பெய்தால் இன்னும் மோசம். ஈர ரோட்டில் அந்த நீலம் கலந்த வெள்ளை எதிலும் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். மழைத்துளியில் பட்டுத் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும்.

முதல் வேலையாக பானெட்டைத் திறந்து பல்பைக் கழற்றினேன். இரண்டு பக்கமும் மலிவான எல்ஈடி. பின்னால் சூட்டை இறக்க அலுமினிய ஹீட் சிங்க், அதன் வாலில் ஒரு சின்ன ஃபேன். இந்த வாலுக்கு இடம் போதாததால் ஹெட்லைட்டின் பின்பக்க ரப்பர் மூடியை யாரோ பிளேடால் வட்டமாக வெட்டி எறிந்திருக்கிறார்கள். அந்த ஓட்டை வழியே ரோட்டுத் தூசியும் கடல் காற்றின் உப்பு ஈரமும் உள்ளே போய், இடது லைட்டின் ரிஃப்ளெக்டர் (பல்பின் ஒளியைத் திருப்பி வீசும் பளபளப்பான குழி) அடியில் சாம்பல் பூத்தமாதிரி மங்கிக் கிடந்தது.

எச்4 பல்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பிரச்சினை பாதி விளங்கிவிடும். அதற்குள் இரண்டு இழைகள் இருக்கின்றன. டிம்முக்கான இழைக்கு அடியில் கரண்டி மாதிரி ஒரு தகடு. அது கீழ்நோக்கிப் போகும் ஒளியை மறைத்துவிடும். அதனால் டிம் போட்டால் ரிஃப்ளெக்டரின் மேல் பாதிக்கு மட்டும்தான் வெளிச்சம் போகும், அங்கிருந்து திரும்பித் தரையில் விழும். லைட்டைச் சுவரில் அடித்தால் வெளிச்சமும் இருட்டும் பிரிகிற இடத்தில் தெரியும் கோட்டை அந்தத் தகட்டின் விளிம்புதான் வரைகிறது. நமக்கு, அதாவது இடது பக்கம் ஓட்டுகிற நாட்டுக்கு, வலது பாதி கோடு மட்டமாக இருக்கும். இடது பாதி 15 டிகிரி மேலே ஏறும். எதிரே வருகிறவன் கண்ணில் படாமல், நம் பக்கத்து ஓரத்தில் நடந்து போகிறவனைக் காட்டுவதற்கு இந்த ஏற்பாடு.

ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த இழை இருக்கிற புள்ளியைக் கணக்கில் வைத்துச் செய்தது. இழை மில்லிமீட்டர் கணக்கில் நகர்ந்தாலே ஒளி வேறெங்கோ போகும். எல்ஈடியில் இழையே கிடையாது. ஒரு தட்டைப் பலகையின் இரு பக்கமும் சில்லுகளை ஒட்டியிருக்கிறார்கள். பலகையின் தடிமன் அளவுக்கு ஒளி கிளம்பும் இடமே தள்ளிப் போய்விடுகிறது. எனக்கு வாய்த்ததில் காலரும் (பல்பைப் பிடித்து உட்கார வைக்கும் வளையம்) லேசாகச் சுழன்று உட்கார்ந்திருந்தது. நேராக நிற்க வேண்டிய பலகை சரிந்து கிடந்தது. டிம் எங்கே, பிரைட் எங்கே என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு வெள்ளைப் புகைதான் சுவரில் விழுந்தது. பெட்டியில் எத்தனை ஆயிரம் லூமன் (ஒளியின் அளவு) அச்சடித்திருந்தாலும் இதுதான் கதி. ஒழுங்கான 60/55 வாட் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55) ஹாலஜன் பல்பின், அதாவது இழை சூடேறி எரியும் வழக்கமான பல்பின், டிம் ஒளி 1000 லூமன், பிரைட் 1650. ரிஃப்ளெக்டர் சுத்தமாக இருந்தால் நம் ஊர் ரோட்டுக்கு அது தாராளம்.

எல்ஈடியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கம்பெனியே எல்ஈடிக்கு என்று வடிவமைத்த லைட் வேறு சாதி. ஹாலஜனுக்குச் செய்த கூட்டில் எல்ஈடியைத் திணிப்பதுதான் வம்பு. முறையான ஹாலஜன் ஹெட்லைட்டின் கண்ணாடியில் எச்சிஆர் (HCR) என்று பொடி எழுத்தில் முத்திரை இருக்கும். எச் என்றால் ஹாலஜன், சி என்றால் டிம், ஆர் என்றால் பிரைட். பக்கத்திலேயே ஒரு அம்புக்குறியும் இருக்கலாம். லைட்டுக்கு எதிரே நின்று பார்த்தால் அம்பு நம் வலது கைப் பக்கம் காட்ட வேண்டும். அப்படி இருந்தால் இடது பக்கம் ஓட்டும் நாட்டுக்கான லைட்.

சரி, எல்ஈடியைக் கழற்றிவிட்டு ஹாலஜன் வாங்கிப் போட்டேன். பல்பின் கண்ணாடியைக் கையால் தொடக்கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் கூடுதலாகச் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு மாட்டலாம். மாட்டி சுவிட்சைப் போட்டால் வலது பக்கம் சுமார், இடது பக்கம் அகல் விளக்கு.

அப்போதுதான் பழைய ஓனர் ஏன் எல்ஈடிக்குப் போனார் என்பது புரிந்தது. அவர் வண்டியில் ஹாலஜன் உண்மையிலேயே மங்கலாகத்தான் எரிந்திருக்கிறது. மங்கலுக்குக் காரணம் தேடாமல் வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறார். அந்த வெளிச்சம் ரோட்டில் விழாமல் போனதும், லைட்டை மேலே தூக்கித் திருகியிருக்கிறார். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வைத்தியம், வியாதி அப்படியே இருக்கிறது.

வண்டியை மூலக்கடைப் பக்கம் எனக்குப் பழக்கமான ஆட்டோ எலக்ட்ரீஷியன் பாயிடம் கொண்டு போனேன். பார்த்ததும் சிரித்தார். "இன்னா தம்பி, லைட் டல்லுன்னா 100/90 போட்டுக்குவியா? ரிலே வச்சு அடிச்சு வுட்டா சும்மா கிழிச்சுக்கினு போவும்." ரிலே என்பது பேட்டரியில் இருந்து நேராக லைட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் ஒரு சுவிட்ச். கடையில் கேட்கிற பாதிப் பேர் அதைத்தான் கேட்பார்கள் போல. 100/90 வாட் பல்பு போட்டால் ஹோல்டர் உருகும், வயர் சூடாகும், ரிஃப்ளெக்டர் பூச்சு பொரியும். போதாததற்கு ரோட்டுக்கு அனுமதியும் இல்லை. "அதெல்லாம் வேணாம் பாய், முதல்ல வோல்ட் பார்க்கலாம்" என்றேன். முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தாலும் மீட்டரை எடுத்துக் கொடுத்தார்.

எஞ்சினை ஓடவிட்டு, டிம் போட்டு, பேட்டரியில் வைத்தால் 14.1 வோல்ட். வலது பல்பின் கப்ளரில் (பல்பில் செருகும் வயர் பிளக்) 12.8. இடது பல்பில் 11.9. நடுவழியில் 2 வோல்ட்டுக்கு மேல் எங்கோ தொலைகிறது. ஹாலஜன் பல்பு இந்த விஷயத்தில் ரொம்ப கறார். வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறையும். பாய் அடுத்து ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொரு முனையை இடது கப்ளரின் எர்த் பின்னிலும் வைத்தார். லைட் எரிந்துகொண்டிருக்கும்போது அங்கே பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். 1.3 காட்டியது. "எர்த்து தம்பி, எர்த்து" என்று மீட்டரைக் கீழே வைத்துவிட்டார். (சில வண்டிகளில் டிம்-பிரைட் சுவிட்சே நெகட்டிவ் பக்கம் இருக்கும். அதில் இந்த அளவு சுவிட்சில் தொலைவதையும் சேர்த்துக் காட்டும். வயரிங் படத்தைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வருவது நல்லது.)

இடது லைட்டுக்குக் கீழே பாடியில் ஒரு எர்த் போல்ட். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் வளையத்தைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது, அடியில் தகடு பொருக்கு தட்டிப் போயிருந்தது. கடற்கரையை ஒட்டி வாழும் வண்டிக்கெல்லாம் வருகிற நோய் இது. திருவொற்றியூர், காசிமேடு, ராயபுரம் பக்கம் வண்டியை வெளியில் நிறுத்துகிறவர்கள் பானெட்டைத் திறந்து எர்த் போல்ட்டுகளை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். போல்ட்டைக் கழற்றி, வாட்டர் பேப்பரால் தகடு மின்னும்வரை தேய்த்து, வளையத்தைப் புதிதாகப் போட்டு முறுக்கி, மேலே வாசலின் பூசினோம். கருகியிருந்த இடது கப்ளரையும் மாற்றியாயிற்று. மறுபடி வைத்தால் இடதில் 13.2, வலதில் 13.1. ரிலே கேட்கவே தேவையில்லாமல் போனது. பாய் வாங்கிய கூலி ஒரு பிரியாணி விலைகூட இல்லை.

அடுத்தது இடது லைட். இதன் கதையே தனி. வண்டி எப்போதோ இடது பக்கம் இடித்திருக்கிறது. அப்போது போட்ட டூப்ளிகேட் லைட் இது. மேலே இருக்கும் பிளாஸ்டிக் காது உடைந்து, இடைவெளியில் சைக்கிள் ட்யூப்பை மடித்துச் செருகியிருந்தார்கள். ஏற்றி இறக்கும் ஸ்க்ரூவைத் திருகினால் கர கர என்று சுற்றுகிறதே தவிர ரிஃப்ளெக்டர் அசையவில்லை. உள்ளே நைலான் பல் தேய்ந்துவிட்டது. காதை ஒட்டலாம், பல்லை என்ன செய்வது? ரிஃப்ளெக்டரும் சாம்பல் பூத்தது. புதுப்பேட்டைக்குப் போவது என்று முடிவு செய்தேன்.

புதுப்பேட்டையில் கழற்றிய வண்டியின் உதிரி வாங்குவதற்கு ஒரு பொறுமை வேண்டும். முதல் கடையில் நீட்டியது பளபளவென்று இருந்தது, ஆனால் கண்ணாடியில் முத்திரையே இல்லை, டூப்ளிகேட். இன்னொரு கடையில் ஒரிஜினல், ஒரு காது பெவிக்விக் போட்டு ஒட்டியது. விரலால் அழுத்தினால் வெள்ளைக் கோடு தெரிந்தது. கடைசியாக ஒரு சந்துக்குள் அட்டத்தில் இருந்து இறக்கிக் காட்டியதில் மூன்று காதும் முழுசாக இருந்தன. கண்ணாடி மஞ்சள்தான், ஆனால் உள்ளே ரிஃப்ளெக்டர் கண்ணாடிபோல் இருந்தது. மஞ்சளைத் தேய்த்து எடுத்துவிடலாம், ரிஃப்ளெக்டரை ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே பார்க்க வேண்டியது உள்ளேதான். இரண்டு ஸ்க்ரூவையும் கடையிலேயே திருகிப் பார்த்தேன், ரிஃப்ளெக்டர் மெதுவாகத் தலையாட்டியது. 1800 சொன்னார், 1200க்கு முடிந்தது.

மாட்ட பம்பரை இறக்க வேண்டும். வீல் ஆர்ச் ஓரத்து ஸ்க்ரூ, மேலே கிளிப்புகள், அடியில் கிளிப்புகள். பழைய கிளிப் வெயிலில் காய்ந்து இழுத்தவுடன் உடையும். முன்கூட்டியே பத்து கிளிப் வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம். வெட்டி எறியப்பட்ட ரப்பர் மூடிக்குப் பதிலாகப் புதிது இரண்டு போட்டேன்.

மஞ்சள் தேய்ப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், எல்லோரும் செய்வதுதான். சுற்றிலும் பெயின்ட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றி 800, 1500, 2000, 3000 என்று சொரசொரப்பு குறைந்துகொண்டே போகும் வாட்டர் பேப்பர் வரிசையில் தேய்த்து, கடைசியில் ரப்பிங் காம்பவுண்டு. டூத்பேஸ்ட் போட்டும் பளிச்சென்று ஆகும், ஆனால் ஒரு வெயில் காலம்கூட நிற்காது. நாம் கண்ணாடி என்று சொல்லும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கின் மேல் கம்பெனி போட்ட புற ஊதாத் தடுப்புப் பூச்சு போனதால்தான் மஞ்சளே வந்தது. நாம் தேய்த்து மிச்சத்தையும் எடுத்துவிடுகிறோம். ஆகவே மேலே புற ஊதாத் தடுப்புள்ள கிளியர் கோட் அடிக்காமல் விட்டால் பழையபடி இன்னும் வேகமாக மஞ்சளாகும்.

இனிதான் உண்மையான வேலை, ஒளியை மட்டத்துக்குக் கொண்டு வருவது. இதற்கு ஒரு மட்டமான தரையும் ஒரு சுவரும் வேண்டும். தண்டையார்பேட்டைத் தெருவில் 8 மீட்டர் காலி இடமா? எதிர்வீட்டுச் சுவருக்கும் என் பம்பருக்கும் நடுவில் ஒரு மாடு படுத்தால் அவ்வளவுதான். மச்சான் மாதவரத்தில் ஒரு குடோனில் வேலை பார்க்கிறான். லாரி வந்து நிற்கும் கான்கிரீட் தரை, வெள்ளையடித்த சுவர். ராத்திரி வண்டி எதுவும் வராத நேரமாகப் பார்த்துப் போனோம்.

தரை மட்டமா என்று பார்க்கக் கொத்தனார்களின் டியூப் லெவலைக் கொண்டு போயிருந்தேன். கண்ணாடி மாதிரித் தெளிவான நீள ட்யூப்பில் தண்ணீர், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். இதைவிட நேர்மையான கருவி இல்லை. நான்கு சக்கரம் நிற்கும் இடமும் மட்டமாக இருந்தது. ஆனால் சுவரின் அடி தண்ணீர் ஓட வேண்டி 4 செ.மீ. இறங்கியிருந்தது. சுவரடித் தரையில் இருந்து டேப் வைத்து அளந்திருந்தால் அந்த 4 செ.மீ. தப்பாகக் கணக்கில் வந்திருக்கும். அதனால் ஹெட்லைட்டின் நடுப்புள்ளி உயரத்தை அதே ட்யூப் வைத்தே சுவருக்கு மாற்றினோம். லைட்டின் நடு, சக்கரம் நிற்கும் தரையில் இருந்து 68 செ.மீ.

மற்றபடி டயரில் சரியான காற்று, அரை டேங்க் பெட்ரோல், டிக்கி காலி, டிரைவர் சீட்டில் ஒரு ஆள். மச்சானை உட்கார வைத்தேன். லைட் உயரத்தை மாற்றும் குமிழ் டேஷ்போர்டில் இருந்தால் 0-வில் வைத்துக்கொள்ள வேண்டும். வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தி இரண்டு லைட்டின் நேர் எதிரே செங்குத்துக் கோடு டேப்பால் ஒட்டிவிட்டு, பிறகு நேராகப் பின்னால் வந்து லைட்டுக்கும் சுவருக்கும் 7.5 மீட்டர் இருக்கும்படி நிறுத்தினோம்.

கணக்கு எளிது. டிம் ஒளியின் கோடு 1 சதவீதம் இறங்க வேண்டும். 10 மீட்டருக்கு 10 செ.மீ., ஆக 7.5 மீட்டருக்கு 7.5 செ.மீ. பல வண்டிகளில் லைட்டுக்குப் பக்கத்திலேயே இந்தச் சதவீதம் ஸ்டிக்கரில் இருக்கும், அது வேறாக இருந்தால் அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். லைட் உயரக் கோட்டுக்கு 7.5 செ.மீ. கீழே இன்னொரு டேப்.

ஒரு லைட்டை அட்டையால் மறைத்து (துணியைப் போர்த்த வேண்டாம், ஹாலஜன் சூடு) இன்னொன்றைப் பார்த்தோம். நான் இன்னும் தொடாத வலது லைட்டின் கோடு லைட் உயரத்துக்கு 20 செ.மீ. மேலே நின்றது. 20 செ.மீ. பெரிதாகத் தெரியாது. ஆனால் அது விரிந்துகொண்டே போகும். 30 மீட்டர் தள்ளி 80 செ.மீ. ஆகிவிடும். 68-உம் 80-உம் கூட்டினால் 148 செ.மீ. பைக்கில் உட்கார்ந்து வருகிறவனின் கண் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. முகத்தை மறைத்த கைகளுக்கெல்லாம் சுவரில் கணக்கு கிடைத்துவிட்டது.

இங்கே சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி, லைட்டுக்கு 8 மீட்டர் எதிரே, வண்டியின் வலது ஓரத்தில் இருந்து அரை மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஆளுக்கும் கூசக்கூடாது என்கிறது. கோட்டை மட்டும் பார்த்தால் என் வலது லைட் இதில் தேறிவிடும், 8 மீட்டரில் அது 90 செ.மீ.யைத்தான் எட்டுகிறது. மாட்டிக்கொள்வது எல்ஈடியின் சிதறல்தான். கோடே இல்லாமல் எல்லா உயரத்திலும் ஒளியை வீசுகிறதே, அது 8 மீட்டரில் நிற்பவன் கண்ணில் நேராக அடிக்கும். லைட்டின் நடுவில் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் தீரும் என்று நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான். ஸ்டிக்கர் மொத்த ஒளியைக் கொஞ்சம் குறைக்கும், திசையை மாற்றாது.

ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரால் மேல் ஸ்க்ரூவைக் கால் கால் திருகாகத் திருப்பி, கோட்டின் வலது பாதி டேப்பில் உட்காரும்வரை இறக்கினேன். கடைசி அசைவு எப்போதும் இறுக்கும் பக்கமாக முடியட்டும். தளர்த்தும் பக்கம் விட்டால் பல்லில் இருக்கும் லூசு, முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே லைட்டை நகர்த்திவிடும். பிறகு பக்கவாட்டு ஸ்க்ரூ. கோடு மடங்கி மேலே ஏறத் தொடங்கும் மூலை, செங்குத்துக் கோட்டில் பொருந்த வேண்டும். புதுப்பேட்டை லைட் எதிர்பார்த்ததற்கு மேல் ஒழுங்கு, அதன் மூலை கத்தியால் வெட்டியதுபோல் விழுந்தது. பிரைட் போட்டுப் பார்த்தோம், வெளிச்சத்தின் நடு லைட் உயரக் கோட்டை ஒட்டி வந்தது. எச்4-ல் டிம்மைச் சரி செய்தால் பிரைட் தானாக வந்துவிடும், தனியாக ஸ்க்ரூ கிடையாது.

1 சதவீதம் இறக்கினால் எனக்குத் தூரம் தெரியாமல் போகுமோ என்று மச்சானுக்குச் சந்தேகம். 68 செ.மீ. உயரத்தில் இருந்து 1 சதவீதம் இறங்கும் கோடு 68 மீட்டர் தள்ளித்தான் தரையைத் தொடும். 60 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 17 மீட்டர் போகிறது. நான்கு நொடித் தூரம் கையில் இருக்கிறது. டிம்மில் அதற்கு மேல் வேகம் போகிற ரோடு எங்கள் பக்கம் எங்கே இருக்கிறது?

திரும்பும்போது மணலி ரோட்டைச் சுற்றிக்கொண்டு வந்தோம். ரோடு மஞ்சளாகத் தெரிந்தது, பள்ளம் பள்ளமாகத் தெரிந்தது. மரங்கள் இருட்டில் இருந்தன, அவை எனக்கு வேண்டியதும் இல்லை. எதிரே வந்த பைக்காரர்கள் அவர்கள் பாட்டுக்குப் போனார்கள். பின் சீட்டில் மூன்று பேர் ஏறினால் முன்பக்கம் தூக்கும், அப்போது குமிழை 2-க்குத் திருப்பிக்கொள்கிறேன். எண் கூடினால் ஒளி இறங்கும்.

முன் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர்) இரண்டும் கசிகின்றன. அடுத்த செலவு அதுதான். மாற்றினால் வண்டி உயரம் மாறும், லைட்டை மறுபடி சுவரில் பார்க்க வேண்டும். அதனால் குடோன் சுவரில் டேப் இருந்த இடத்தையும் தரையில் சக்கரம் நின்ற இடத்தையும் பெயின்ட்டில் குறித்துவிட்டு வந்தோம். மச்சான் இப்போது தன் லோடு வண்டியையும் அங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்கிறான். அதன் லைட் உயரம் வேறு, தனிக் கோடு போட வேண்டும். லோடு ஏற்றிப் பார்ப்பதா, ஏற்றாமல் பார்ப்பதா என்று இன்னும் பேசி முடியவில்லை.